தோரியத்தின் எண்களை நாமே அளப்போம்: அணுசக்தி ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணைய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் முதுகலை மாணவர்களுக்கு அணுக்கரு இயற்பியல் நடத்தும் ஆசிரியர். எங்கள் பக்கத்துக் கடற்கரை மணலில் மோனசைட் இருக்கிறது, மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. மணவாளக்குறிச்சி மணல் ஆலையைத் தெரியாத பிள்ளைகள் இங்கே இல்லை. அதனால் படிப்படியாகத் தோரியத்திலிருந்து அணு மின்சாரம் எடுக்க ஹோமி பாபா வகுத்த மூன்று கட்டத் திட்டத்தை வகுப்பில் சொல்லத் தொடங்கினால், பாடம் என்பதையும் மறந்து கேட்பார்கள். தோரியம் நியூட்ரானை வாங்கிக்கொண்டு யுரேனியம்-233 ஆகும், அதுதான் மூன்றாம் கட்டத்தின் எரிபொருள் என்று சொல்லி முடித்ததும் ஒரு கேள்வி வரும்: “இந்தக் குறுக்குவெட்டு எண்களையெல்லாம் யார் அளந்தார்கள்?” (ஓர் அணுக்கரு நியூட்ரானோடு வினைபுரியும் வாய்ப்பின் அளவுதான் குறுக்குவெட்டு.)

அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் அளந்தார்கள். பெல்ஜியத்தின் கேல் நகரில் அளந்தார்கள். ஜெனீவாவில் செர்ன் ஆய்வகத்தில் அளந்தார்கள். தோரியத்தை உலகில் அதிகமாக நம்பியிருக்கும் நாடு நம்முடையது. ஆனால் தோரியம்-232 எந்த ஆற்றலில் எத்தனை நியூட்ரானை விழுங்கும் என்ற அட்டவணையில், குறிப்பாக விழுங்கும் திறன் சில ஆற்றல்களில் மட்டும் திடீரென எகிறும் ஒத்ததிர்வுப் பகுதியில், அடித்தளமாக நிற்பவை பெரும்பாலும் வெளிநாட்டு முடுக்கிகளின் (துகள்களை மிகுவேகத்தில் செலுத்தும் இயந்திரங்களின்) அளவீடுகள். இந்த நிலையை மாற்ற வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல். நியூட்ரான் வினைகளை ஆற்றல் வாரியாக அளக்கும் முடுக்கி நிலையம் ஒன்று இந்தியாவில் வேண்டும். அதன் கதவு பல்கலைக்கழகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் திறந்திருக்க வேண்டும்.

அணு உலை ஓடுகிறதே, மின்சாரம் வருகிறதே, இன்னும் எதற்கு அளவீடு என்று சிலர் கேட்பார்கள். உங்களுக்கு இது தெரியாததல்ல. ஆனாலும் இந்த மடலைப் படிக்கும் மற்றவர்களுக்காகக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன்.

யுரேனியம்-233 மெதுவான நியூட்ரான் ஒன்றை விழுங்கினால் சராசரியாக 2.28 நியூட்ரான்கள் வெளியே வருகின்றன. அதில் ஒன்று அடுத்த பிளவை நடத்த வேண்டும். இன்னொன்று ஒரு தோரியம் அணுவுக்குள் போய், எரிந்த யுரேனியத்துக்கு ஈடு கட்ட வேண்டும். மிச்சம் 0.28. உலையைவிட்டு வெளியே ஓடிவிடுபவை, குளிர்விக்கும் நீரும் உறைக்குழாயும் விழுங்குபவை, பிளவுத் துண்டுகள் விழுங்குபவை என்று எல்லாச் செலவும் இந்த 0.28-க்குள் அடங்கினால்தான் தோரியத்தில் எரிபொருள் பெருகும். இப்போது 2.28 என்ற எண்ணில் 2 விழுக்காடு பிசகு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் கையில் இருக்கும் மிச்சத்தில் ஆறில் ஒரு பங்கு அந்தப் பிசகிலேயே போய்விடும். பெருகுமா பெருகாதா என்பதையே சந்தேகத்துக்கு உள்ளாக்கும் அளவு அது.

நடுவில் புரோடாக்டினியம்-233 வேறு இருக்கிறது. நியூட்ரானை வாங்கிய தோரியம்-233, 22 நிமிட அரை ஆயுளில் புரோடாக்டினியமாகிவிடும். அது யுரேனியம்-233 ஆவதற்கு எடுக்கும் அரை ஆயுளோ 27 நாள். அத்தனை நாளும் அது உலைக்குள் நியூட்ரான் மழையில் கிடக்கிறது. அந்த நேரத்தில் இன்னொரு நியூட்ரானை விழுங்கிவிட்டால் அது யுரேனியம்-234 ஆகும் பாதைக்குப் போய்விடும். வரவேண்டிய எரிபொருளும் போச்சு, ஒரு நியூட்ரானும் போச்சு. இப்படி எத்தனை போகும் என்பதைக் குறுக்குவெட்டுதான் தீர்மானிக்கிறது. 27 நாளில் பாதி கரைந்துவிடும் ஒரு பொருளை மாதிரியாகச் செய்து, அதன் சொந்தக் கதிர்வீச்சைத் தாங்கிக்கொண்டு அளப்பது எவ்வளவு கடினம் என்பதைக் கதிரியக்க வேதியியலாளர்கள் அறிவார்கள்.

யுரேனியம்-232 இன்னொரு தலைவலி. ஏறத்தாழ 6.4 மெகா எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு (எலெக்ட்ரான் வோல்ட் துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு, மெகா என்றால் பத்து லட்சம்) மேல் ஆற்றல் உள்ள நியூட்ரான் தோரியத்தில் மோதினால், ஒன்று உள்ளே போய் இரண்டு வெளியே வரும். அந்த வினையில் தொடங்கும் சங்கிலி யுரேனியம்-232-இல் போய் நிற்கிறது. அதன் அரை ஆயுள் ஏறக்குறைய 69 ஆண்டு. அது சிதைந்துகொண்டே போகும் வரிசையின் கடைசிப் பக்கம் தாலியம்-208 வந்து, 2.6 மெகா எலெக்ட்ரான் வோல்ட் காமாக் கதிரை வீசும். யுரேனியம்-233 எரிபொருளைக் கையாளும் அறைக்கு எவ்வளவு கனமான சுவர், எவ்வளவு தூரத்திலிருந்து இயக்கும் கருவி என்பதெல்லாம் இந்த ஒரு வினையின் எண்ணைப் பொறுத்தது. பணமும் தொழிலாளர்களின் உடல்நலமும் சேர்ந்து நிற்கும் எண் அது.

சரி, இதை ஏன் முடுக்கியில் அளக்க வேண்டும், நம்மிடம்தான் ஆய்வு உலைகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். உலையில் எல்லா ஆற்றல் நியூட்ரான்களும் கலந்தே கிடக்கும். மாதிரியை உள்ளே வைத்து எடுத்தால் கிடைப்பது ஒரு சராசரி. ஆனால் அணுக்கரு சராசரியாக நடந்துகொள்வதில்லை. தோரியம்-232-ஐ எடுத்துக்கொண்டால் 21.8 எலெக்ட்ரான் வோல்ட்டில் ஒரு கூர்மையான ஒத்ததிர்வு, 23.5-இல் இன்னொன்று, அதற்கு மேல் வரிசையாகப் பல. அந்த இடங்களில் மட்டும் விழுங்கும் திறன் பல மடங்கு எகிறும், பக்கத்தில் நகர்ந்தால் சரியும். எரிபொருள் சூடேறும்போது அணுக்கள் அதிர்ந்து இந்தச் சிகரங்கள் அகலமாகின்றன. அதனால் இன்னும் அதிக நியூட்ரான்கள் விழுங்கப்பட்டு உலையின் வேகம் தானாகத் தணிகிறது. உலையின் பாதுகாப்புக்கே ஒரு தூண் இது. சிகரத்தின் உயரமும் அகலமும் சரியாகத் தெரிந்தால்தான் இந்தத் தணிவைச் சரியாகக் கணக்கிட முடியும். சராசரி எண் அதற்கு உதவாது.

முடுக்கி இங்கேதான் கைகொடுக்கிறது. செர்னில் 2001 முதல் இயங்கும், நியூட்ரான்களின் பறப்பு நேரத்தை அளக்கும் என்-டாஃப் நிலையத்தைச் சொல்கிறேன். இயற்பியலாளர் கார்லோ ரூபியா முன்வைத்த யோசனை அது. அங்கே புரோட்டான் சின்க்ரோட்ரான் என்ற முடுக்கி ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ 7 லட்சம் கோடி புரோட்டான்களை ஈயக் கட்டி ஒன்றின்மேல் வீசுகிறது. துடிப்பின் அகலம் வெறும் 7 நானோ நொடி. ஒவ்வொரு புரோட்டானும் ஈயத்தைச் சிதறடித்து 300 நியூட்ரான்கள் அளவுக்குக் கிளப்புகிறது. ஓட்டப்பந்தயத்தில் விசில் ஊதியதும் எல்லாரும் ஒன்றாகக் கிளம்புவதுபோல அத்தனையும் ஒரே கணத்தில் கிளம்புகின்றன. எதிர்முனையில், 185 மீட்டர் தள்ளி, மாதிரியும் கண்டறிவான்களும் காத்திருக்கும். முதலில் 0.6 மைக்ரோ நொடியில் காமா வெளிச்சம் வந்து சேரும். 13 மைக்ரோ நொடி கழித்து வந்தால் அந்த நியூட்ரானின் ஆற்றல் ஏறத்தாழ 1 மெகா எலெக்ட்ரான் வோல்ட். 13 மில்லி நொடி கழித்து வந்தால் 1 எலெக்ட்ரான் வோல்ட். வந்த நேரத்தைக் குறித்தால் ஆற்றல் தெரிந்துவிடும். அவ்வளவுதான் அடிப்படை. ஒரே துடிப்பில், ஒரே மாதிரியில், ஆற்றல் அச்சு முழுவதும் படம் விழுந்துவிடுகிறது.

தூரம் கூடினால் ஆற்றலைப் பிரித்தறியும் துல்லியம் கூடும், ஆனால் நியூட்ரான்கள் பரவி அடர்த்தி குறைந்துவிடும். ஆகவே 2014-இல் அதே ஈயக் கட்டிக்கு நேர் மேலே, ஏறத்தாழ 20 மீட்டர் உயரத்தில், இரண்டாவது கூடத்தைத் திறந்தார்கள். மாதிரி மிகச் சிறியதாக இருந்தாலும், கொடுமையான கதிரியக்கம் உள்ளதாக இருந்தாலும் அங்கே அளக்கலாம். பெரிலியம்-7-ஐ அங்கேதான் அளந்தார்கள். பெருவெடிப்புக்குப் பின் உருவாகியிருக்க வேண்டிய லித்தியத்தைக் கணக்கிட்டால் வானில் காண்பதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு வருகிறது. பின்னால் லித்தியமாக மாறும் பெரிலியம்-7 அதற்குமுன் நியூட்ரானால் அழிவது நாம் நினைத்ததைவிட அதிகமோ என்ற சந்தேகம் இருந்தது. 53 நாள் அரை ஆயுள் உள்ள அந்தப் பொருளைச் சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் நிறுவனத்தில், சிதறல் மூலத்தை (புரோட்டானை மோதவிட்டு நியூட்ரான் எடுக்கும் அமைப்பை) குளிர்விக்கும் நீரிலிருந்து பிரித்தெடுத்துக் கொண்டுவந்து அளந்து, அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை என்று காட்டிவிட்டார்கள். புதிர் தீரவில்லை. ஆனால் தேட வேண்டிய இடம் ஒன்று குறைந்தது. விண்மீன்களின் வேதியியலுக்கு முக்கியமான சீரியம்-140 நியூட்ரானை விழுங்கும் குறுக்குவெட்டு, பழைய அட்டவணைகளில் இருந்ததைவிட 40 விழுக்காடு வரை அதிகம் என்றும் 2024-இல் அங்கேயிருந்து முடிவு வந்தது. பலரும் நம்பிப் பயன்படுத்திய எண்ணிலேயே இவ்வளவு வேறுபாடு என்றால், இன்னும் சரிபார்க்கப்படாத எண்களின் கதி என்ன?

நம் நாட்டில் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்வது பொய். மும்பை கொலாபாவில் பாபா அணு ஆராய்ச்சி மையமும் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நடத்தும் பெல்லட்ரான் முடுக்கியில் அருமையான வேலைகள் நடந்திருக்கின்றன. நான் மாணவர்களுக்குத் தவறாமல் சொல்லும் ஒன்று 2008-இல் வெளியான ஆய்வு. புரோடாக்டினியம்-233-ஐ மாதிரியாகச் செய்து அளப்பது கடினம் என்பதால், நம்மவர்கள் சுற்றுவழி ஒன்றைப் பிடித்தார்கள். தோரியத்தின்மேல் லித்தியம்-6 கற்றையைச் செலுத்தி, புரோடாக்டினியம்-233 ஒரு நியூட்ரானை விழுங்கினால் எந்தக் கிளர்ந்த கரு உண்டாகுமோ அதே புரோடாக்டினியம்-234-ஐ வேறு வழியில் உண்டாக்கி, அது எத்தனை தடவை பிளக்கிறது என்று எண்ணினார்கள். அதிலிருந்து 11.5 முதல் 16.5 மெகா எலெக்ட்ரான் வோல்ட் வரைக்குமான பிளவுக் குறுக்குவெட்டைப் பெற்றார்கள். இருக்கும் கருவியை வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் போனவர்களுக்குச் சரியான கருவி கிடைத்தால் எங்கே போவார்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

பெல்லட்ரானில் லித்தியத்தகட்டின்மேல் புரோட்டானை மோதவிட்டு நியூட்ரான் எடுத்து, தோரியத் தகட்டைக் கதிரூட்டி, பிறகு ஜெர்மானியம் கண்டறிவானில் காமாக் கதிரை எண்ணும் முறையும் உண்டு. பல பல்கலைக்கழக மாணவர்கள் இதில் முனைவர் பட்டம் பெற்றிருக்கிறார்கள். ஆனால் அந்த நியூட்ரான்கள் ஒரே ஆற்றலில் வருவதில்லை. முதன்மைச் சிகரத்துக்குக் கீழே நீண்ட வால் ஒன்று தொங்குகிறது. அதன் பங்கைக் கணக்குப் போட்டுக் கழிக்க வேண்டும். நியூட்ரானை விழுங்கும் வினைக்குக் குறைந்த ஆற்றல் நியூட்ரான்கள்தான் பிரியம் என்பதால், கழிக்கும் தொகை பெரிதாகி, மிஞ்சும் எண்ணின் நம்பகம் குறைகிறது. ஒத்ததிர்வுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பது இந்த முறையில் நடக்காத காரியம். இது செய்தவர்களின் குறையல்ல, மூலத்தின் குறை.

செர்னுக்கே போய் அளக்கலாமே என்பார்கள். போகத்தான் வேண்டும். 2017 முதல் இந்தியா செர்னின் இணை உறுப்பினர். என்-டாஃப் கூட்டமைப்பில் பாபா அணு ஆராய்ச்சி மையமும் இருக்கிறது. அந்தத் தொடர்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆனால் அங்கே கற்றை நேரத்துக்கு (முடுக்கியைப் பயன்படுத்தக் கிடைக்கும் நேரத்துக்கு) ஐரோப்பாவே வரிசையில் நிற்கிறது. அவர்களின் கழிவு மேலாண்மை, அவர்களின் உலை வடிவம், அவர்களின் விண்மீன் இயற்பியல் என்று அவரவர் முன்னுரிமை அவரவர்க்கு. தோரியத்தின் அவசரம் நம்முடையது. தவிரவும், திருநெல்வேலியிலோ தர்மபுரியிலோ படிக்கும் மாணவர் ஒரு வாரக் கற்றை நேரத்துக்காக ஜெனீவா போய்வருவது எத்தனை பேருக்கு நடக்கும்?

சீனாவைப் பாருங்கள். டோங்குவானில் அவர்கள் கட்டிய சிதறல் நியூட்ரான் மூலம் முதன்மையாகப் பொருள் அறிவியலுக்கானது. புரோட்டான் வந்து மோதும் அதே பாதையில் பின்னோக்கிக் கிளம்பும் நியூட்ரான்களை வீணாக்காமல், அவற்றைக் குழாய் வழியே எடுத்து 55 மீட்டரிலும் 76 மீட்டரிலும் அளவீட்டுக் கூடங்கள் அமைத்தார்கள். 2018 முதல் அங்கே நியூட்ரான் வினைகள் அளக்கப்படுகின்றன. இதற்கென்று அவர்கள் தனி முடுக்கி கட்டவில்லை. வரைபடம் போடும்போதே யாரோ இதை நினைத்திருக்கிறார்கள்.

என் முதல் வேண்டுகோள் இதையொட்டியதுதான். இந்தியாவில் உயர் ஆற்றல் புரோட்டான் முடுக்கிக்கும் சிதறல் நியூட்ரான் மூலத்துக்கும் பல ஆண்டுகளாகத் திட்டம் பேசப்படுகிறது. அது எந்த ஊரில், எந்த அளவில் வந்தாலும், முதல் வரைபடத்திலேயே பறப்பு நேர அளவீட்டுக்கான நீண்ட நேர்க்குழாய்க்கு நிலம் ஒதுக்குங்கள். துடிப்பைக் குறுக்கிக் கொடுக்கும் ஏற்பாட்டையும் அப்போதே சேருங்கள். கண்டறிவானைப் பத்து வருடம் கழித்தும் வாங்கலாம். கட்டடமும் சாலையும் வந்தபிறகு நூற்றைம்பது மீட்டர் நேர்கோட்டை எங்கே தேடுவது?

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. லித்தியத்தின்மேல் 1.912 மெகா எலெக்ட்ரான் வோல்ட் புரோட்டானை மோதவிட்டால், கிளம்பும் நியூட்ரான்களின் ஆற்றல் பரவல் விண்மீனுக்குள் 25 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுக்கு ஈடான வெப்பநிலையில் இருப்பதைப்போல அமைந்துவிடும். ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூயில் சிறியதொரு முடுக்கியை வைத்தே இந்த முறையில் விண்மீன் இயற்பியலுக்கான எண்களை அளந்து குவித்தார்கள். இரும்பைவிடக் கனமான தனிமங்களில் ஏறத்தாழ பாதி, விண்மீன்களுக்குள் மெதுவாக நியூட்ரானை வாங்கி வாங்கி உருவானவை. அந்தக் கதையின் எண்களில் பலவற்றை இப்படிப்பட்ட சிறு முடுக்கிகள் தந்தன. மும்பை டிராம்பேயில் 6 மெகா வோல்ட் மடிப்புத் தேண்டம் முடுக்கி இருக்கிறது. அதில் ஆண்டுக்குக் குறிப்பிட்ட வாரங்களை நியூட்ரான் அளவீட்டுக்கென்றே ஒதுக்கி, பல்கலைக்கழகங்களிடமிருந்து விண்ணப்பம் கேட்டுப் பாருங்கள். தங்கத்தகட்டை ஒப்பீட்டுக்கு வைத்துக் கதிரூட்டி, எண்ணும் வேலையைச் சொந்த ஊர் ஆய்வகத்தில் செய்துகொள்ளும் அளவுக்கு ஜெர்மானியம் கண்டறிவான் வைத்திருக்கும் துறைகள் நாட்டில் இருக்கின்றன. அரை ஆயுள் நீண்ட ஐசோடோப்புகளுக்கு இது நன்றாகவே நடக்கும்.

கதவு திறப்பது எப்படி என்பதற்கு முன்மாதிரி டெல்லியிலேயே உண்டு. பல்கலைக்கழகங்களுக்கு இடைப்பட்ட முடுக்கி மையத்தில் எந்தப் பல்கலைக்கழகத்துக்காரரும் கற்றை நேரம் கேட்டு விண்ணப்பிக்கலாம். யோசனை நன்றாக இருந்தால் நேரம் கிடைக்கும். அந்த ஒரு மையம் இல்லாவிட்டால் இந்தியப் பல்கலைக்கழகங்களில் அணுக்கரு இயற்பியல் செய்முறையே அருகிப்போயிருக்கும் என்பது என் எண்ணம். நியூட்ரான் நிலையத்துக்கும் அதே நடைமுறை வேண்டும். பாதுகாப்பு அனுமதி வாங்குவதிலேயே ஒரு மாணவரின் ஆய்வுக்காலம் கழிந்துவிடும் இடத்தில் இதை வைக்காதீர்கள்.

கல்பாக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே 1985 முதல் வேகச் சோதனை ஈனுலை இருக்கிறது. யுரேனியம்-233-ஐ எரிபொருளாகக் கொண்ட 30 கிலோவாட் காமினி உலை இருக்கிறது. அதைவிட முக்கியமாக, அந்த யுரேனியம்-233-ஐக் கையாண்டு பழகிய வேதியியலாளர்கள் இருக்கிறார்கள். முடுக்கியைப் பற்றிப் பேசுகிறவர்கள் மாதிரி தயாரிப்பவர்களை மறந்துவிடுகிறார்கள். ஒரு மில்லிகிராம் அளவுப் பொருளைச் சீரான மெல்லிய படலமாகப் படியவைத்து, அதில் வேறு ஐசோடோப்பு எவ்வளவு கலந்திருக்கிறது என்று துல்லியமாகச் சொல்லத் தெரியாவிட்டால், உலகின் சிறந்த நியூட்ரான் கற்றையும் தவறான எண்ணைத்தான் தரும். தோரியம், புரோடாக்டினியம், யுரேனியம்-233 மாதிரிகள் செய்வதற்கென்று கல்பாக்கத்தில் ஒரு ஆய்வகத்தை வலுப்படுத்தினால், அது செர்னுக்குக்கூட மாதிரி அனுப்பும் இடமாக வளரலாம்.

அளந்த எண்களை அவற்றின் பிழை வரம்போடும், ஒரு பிழை இன்னொன்றை எப்படித் தொடர்கிறது என்ற கணக்கோடும் அணுக்கரு வினை அளவீடுகளைத் திரட்டிவைக்கும் பன்னாட்டு எக்ஸ்ஃபார் தொகுப்புக்கு முழுமையாக அனுப்புவதையும் கட்டாயமாக்குங்கள். எக்ஸ்ஃபார் பதிவு செய்யும் பயிலரங்குகள் மூலம் நம் ஆசிரியர்களும் மாணவர்களும் ஏற்கெனவே பழகிய வேலை அது. ஆனால் இந்த வேலைக்கு ஒரு மாணவர் ஐந்து ஆண்டு உழைத்தால் கிடைப்பது இரண்டு கட்டுரையும் ஒரு அட்டவணையும். நியமனக் குழுவில் கட்டுரைகளின் எண்ணிக்கையைப் பார்த்து அவரை ஒதுக்கிவிடுகிறார்கள். அணுக்கருத் தரவுக்கென்று நிரந்தரப் பணியிடங்கள் சிலவற்றையாவது உங்கள் துறையில் உருவாக்காவிட்டால், நல்ல பிள்ளைகள் மென்பொருள் வேலைக்குப் போய்விடுவார்கள். போய்க்கொண்டும் இருக்கிறார்கள்.

எங்கள் கடற்கரையில் மணல் எடுப்பதைப் பற்றி மீனவ மக்களுக்கு ஆழமான கவலை உண்டு, அந்தக் கவலையில் நியாயமும் உண்டு. அதை வேறொரு இடத்தில் நிதானமாகப் பேச வேண்டும். இங்கே ஒன்று மட்டும் சொல்கிறேன். மண்ணைத் தோண்டித் தோரியம் எடுக்கும் அரசு, அந்தத் தோரியத்தின் இயல்பை அளக்கும் செலவைத் தள்ளிப்போடக் கூடாது. தோண்டும் செலவோடு ஒப்பிட்டால் அளக்கும் செலவு பெரிதாகவும் இருக்காது.

ஆணையத்திடம் இப்போது கேட்பது மூன்று பதில்கள். வரவிருக்கும் புரோட்டான் முடுக்கித் திட்டத்தில் பறப்பு நேரப் பாதைக்கு இடம் இருக்கிறதா? டிராம்பே முடுக்கியில் பல்கலைக்கழகங்களுக்கு நியூட்ரான் வாரங்கள் ஒதுக்க முடியுமா, முடியும் என்றால் எந்த ஆண்டிலிருந்து? அணுக்கருத் தரவுக்கான பணியிடங்கள் பற்றி முடிவு எப்போது வரும்? பதிலைப் பொதுவில் வெளியிடுங்கள். வந்ததும் என் வகுப்பில் படித்துக்காட்டுவேன், விண்ணப்பம் எழுதத் தயாராக மாணவர்கள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
குமரி மாவட்டத்திலிருந்து ஓர் இயற்பியல் ஆசிரியர்